தொலைந்த கன்றும் எரிந்த சுவடியும்

ஏமஸ் டென்பி பத்தொன்பது வயது வரை கம்பளி மில்லில் தறி ஓட்டினார். தறிச் சட்டத்தில் ஒரு லத்தீன் இலக்கணத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நூலை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை போய்த் திரும்புகிற நேரத்தில் ஒரு வரி, மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினால் இரண்டு வரி என்று படித்தார். எங்கள் ஊர் கார்ஷாவில், சேப்பல் என்கிற சிறு தேவாலயத்தின் பள்ளிக்கூடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது ஊரில் லத்தீன் தெரிந்த நெசவாளி அவர் ஒருவர்தான். அப்படி வாத்தியாரானார். அதற்குப் பிறகு யாருக்கும் அவர் மிஸ்டர் டென்பி இல்லை, வாத்தியார்தான்.

நெட்டையான ஆள். தறிச் சத்தத்தில் இடது காது போயிருந்தது. அதனால் யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பெரிய யோசனையில் இருக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும், காது கேட்கவில்லை என்று.

லீட்ஸ் நகரத்து நூலகத்துக்கு ஒன்பது மைல். சனிக்கிழமைகளில் நடந்தே போவார். அங்கே ஒருநாள், ஐந்நூறு வருஷத்துப் பழைய பாட்டு ஒன்றை மேதை ஒருவர் பதிப்பித்து வெளியிட்ட புத்தகம் அகப்பட்டது. "இந்த மொழி செத்து நெடுங்காலம் ஆகிறது" என்று முன்னுரை. ஏமஸ் பாட்டைப் புரட்டினார். செத்துப்போனதாக அரும்பதவுரையில் போட்டிருந்த சொல் ஒன்று, அன்று காலை எதிர்வீட்டுப் பெண் பூனையை விரட்டும்போது சொன்ன சொல். நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பழைய பாட்டுப் பைத்தியம் பிடித்தது.

அந்த வருஷமே கல்யாணம் ஆனது. பெண் ஹெப்ஸிபா. எல்லோருக்கும் ஹெப்ஸி. மில்லில் நெய்து வந்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து முடிச்சு பொறுக்குகிற வேலை அவளுக்கு. நாற்பது கஜத் துணியில் ஒரு நூல் பிசகி ஓடியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். பைபிள் வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. வாய் நீளம். ஏமஸுக்கு எந்தப் பக்கக் காது கேட்காது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, திட்ட வேண்டியதை எல்லாம் வலது பக்கம் நின்று திட்டினாள்.

ஊருக்கு மேலே, மரமில்லாத புதர்க்காடான மூர் மேட்டு நிலத்தின் விளிம்பில் ஆஷ்கில் மாளிகை இருந்தது. சொந்தக்காரர் சர் மார்மடியூக், நாயும் துப்பாக்கியுமாக வாழ்ந்த கிழவர். தாத்தா காலத்துப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் எழுதித்தர வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே, வேட்டைநாய் வளர்ப்பு பற்றிய நூல்களுக்கு நடுவே, தோல் அட்டை போட்ட கையடக்கமான சுவடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஆட்டுத்தோலில் பழுப்பு மையால் எழுதிய பாட்டு.

கன்றுக்குட்டியைத் தொலைத்த குடியானவள் ஒருத்தியின் கதை அது. அவள் ஊர் ஊராகப் போகிறாள், கோவில் கோவிலாக நின்று புனிதர்களிடம் முறையிடுகிறாள். ஒவ்வொரு புனிதரும் ஒரு சாக்குச் சொல்லி அடுத்தவரிடம் அனுப்புகிறார். ஒருவருக்குக் கப்பல் மட்டும்தான் பார்க்கத் தெரியும், இன்னொருவர் பல்வலிக்கு மட்டும். கடைசியில் வீடு திரும்புகிறாள். கன்று அவள் களத்துக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரியின் முட்டைக்கோஸைத் தின்றுகொண்டு நிற்கிறது. இதை எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. இப்படி ஒரு பாட்டு உண்டு என்று இங்கிலாந்தில் யாருக்கும் தெரியாது.

"இத நான் பெயர்த்து எழுதிக்கலாமா ஐயா?" என்று சர் மார்மடியூக்கிடம் கேட்டார்.

"அதுல நாயப் பத்தி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. கன்னுக்குட்டி."

"அப்ப எப்படியோ போ" என்றார் கிழவர்.

நாலு வருஷம், சனிக்கிழமை தவறாமல் ஏமஸ் மாளிகைக்குப் போனார். நூலகத்தில் கணப்பு மூட்ட உத்தரவு இல்லை. மை உறைந்துவிடும். வீட்டு நிர்வாகம் பார்க்கிற மிஸஸ் டிராண்டர் பார்த்தாள், வாத்தியாரையும் சுவடியையும் சேர்த்துத் தன்னுடைய சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சூடான இடத்தில் உட்கார வைத்தாள். தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் தானாக வந்தன. "எண்ணெய்க் கைய அந்தப் புஸ்தகத்துல வெச்சீங்க, தம்பி, கைய ஒடச்சிருவேன்" என்பாள். அவள் அந்தச் சுவடியில் ஒரு வரியும் படித்ததில்லை.

எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஹெப்ஸி வந்தாள். ஏமஸ் சுவடியைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் படியைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு மாதம் போனது, வேலையை மாற்றிக்கொண்டார்கள். பழைய எழுத்து அவளுக்குப் பழகிவிட்டது. அவள் சுவடியை ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்வாள். முந்நூற்றுச் சொச்சம் பிழை கண்டுபிடித்தாள். எல்லாம் ஏமஸ் அறியாமல் செய்த திருத்தங்கள், சுவடியை எழுதியவன் தவறாக எழுதியதைத் தன்னையறியாமல் சரியாக எழுதிவிட்டிருந்தார்.

ஒரு பக்கத்தின் அடியில், பாட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில் மூன்று சொற்கள் இருந்தன. "தாடிக்குள்ளே சிரித்தார் அவர்" என்று பொருள்படும். அடுத்த ஏட்டின் முதல் சொற்களை இப்படி அடியில் எழுதிவைப்பது அந்தக் காலத்து எழுத்தர்களின் வழக்கம், தைக்கிறவன் ஏடுகளை வரிசை மாற்றிவிடாமல் இருக்க. ஆனால் அடுத்த ஏடு அந்தச் சொற்களோடு தொடங்கவில்லை. இடையில் ஓர் ஏடு எப்போதோ கிழிந்து போயிருந்தது.

"இத விட்டுரலாம்" என்றார் ஏமஸ். "இது பாட்டுல சேராது."

"சேராட்டிப் போகட்டும். அது அங்க இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அப்ப எழுது."

"ஹெப்ஸி, அர்த்தமில்லாம மூணு வார்த்தை நின்னா படிக்கிறவன் என்ன நெனப்பான்?"

"எதையாவது நெனச்சுட்டுப் போறான். துணில ஒரு இழை ஓடுதுன்னா எதுக்கு ஓடுதுன்னா கேப்பேன்? ஓடுதுன்னு சீட்டுல குறிப்பேன். மேல யோசிக்கிறது மொதலாளி பாடு."

எழுதினார். பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி, ஏட்டுக்கு இரண்டு பக்கம், ஆகவே இங்கே அறுபத்துநான்கு வரிகள் தொலைந்திருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ஆஷ்கில் மாளிகையின் புகைபோக்கி தீப்பிடித்தது. மூர் காற்று, கேட்க வேண்டுமா? மத்தியானம் பிடித்த தீ பொழுது சாய்வதற்குள் கூரையை இறக்கிவிட்டது. ஊர் முழுக்க வாளியோடு ஓடியது. ஆட்களையும் குதிரைகளையும் நாய்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நூலகம் போனது. சுவடியும் போனது. சர் மார்மடியூக் அந்த வசந்தத்திலேயே காலமானார். வாரிசு இத்தாலியில் குடியிருந்த மருமகன். அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆக, அந்தப் பாட்டு உலகத்தில் ஓரிடத்தில்தான் மிஞ்சியது. கார்ஷாவில், பள்ளிக்கூடச் சந்தில், ஹெப்ஸியின் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில்.

லண்டனில் பழம்பாடல்களைப் பதிப்பிக்கிற கழகம் ஒன்று இருந்தது. பாதிரிமாரும் வக்கீல்களும் சம்பளமில்லாமல் உழைத்து நடத்தியது. அவர்களுக்கு எழுதினார். அச்சிட ஒப்புக்கொண்டார்கள். மூன்று வருஷம் கழித்து, சாம்பல் நிறக் காகித அட்டையோடு, குறிப்புகளும் அரும்பதவுரையுமாகப் புத்தகம் வந்தது. முகப்பில் 'கார்ஷா ஏமஸ் டென்பி பதிப்பித்தது' என்றிருந்தது. சேப்பலில் கை மாறி மாறிப் போய், திரும்பி வந்தபோது அட்டை கறுத்திருந்தது. ஏமஸுக்கு அதில் பரம சந்தோஷம்.

சந்தோஷம் எட்டு மாதம் நீடித்தது. பிறகு லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் ரெவரெண்ட் அகஸ்டஸ் பெல்வுட் எழுதிய கட்டுரை வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் என்றால் பெல்வுட்தான் என்று பெயர் வாங்கியவர். ஏமஸ் லீட்ஸில் படித்துச் சிரித்தாரே அந்தப் புத்தகம், அதைப் பதிப்பித்ததும் அவரே. கட்டுரை மரியாதையாக ஆரம்பித்து மரியாதையாகவே கழுத்தை அறுத்தது. சுவடியைப் பார்த்த கல்விமான் ஒருவரும் இல்லை. வாரிசுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாயிற்று, அப்படி ஒரு புத்தகம் இருந்ததாக அவருக்குத் தெரியாது. சுவடி சௌகரியமாக எரிந்துவிட்டது. பாட்டில் உள்ள சொற்களோ இன்றைக்கு யார்க்ஷயர் மில்லில் பேசுகிற சொற்கள். இதிலிருந்து வாசகர்கள் தாங்களே முடிவுக்கு வரலாம்.

வாசகர்கள் வந்தார்கள். கழகம் ஏமஸுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்த அடுத்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது. ஏமஸ் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதினார். ஒன்றும் அச்சாகவில்லை. மிஸஸ் டிராண்டர் மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்ததையும் அனுப்பினார். வேலைக்காரியின் வாக்குமூலம் இலக்கியச் சான்று ஆகாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

செய்தி கார்ஷாவுக்குள் சேர்ந்தது. பொய் எழுதினவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா என்று பள்ளிக் குழுவில் பேச்சு எழுந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சேப்பலின் பின்கட்டில் குழு கூடியது. ஏமஸ் கையில் தொப்பியோடு நின்றார். மில் முதலாளி ஹோல்ராய்ட் தலைவர். அவருக்கு நல்ல மனசு, ஆனால் அச்சில் வந்ததை நம்புகிறவர். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு, வாத்தியாரே?" என்றார்.

"பார்த்தத எழுதினேன். அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல."

அப்போது பின்வரிசையிலிருந்து ஜோப் சட்கிளிஃப் எழுந்தார். தறி ஓட்டுகிறவர், தொண்டை பெரிது.

"தலைவரே, ஒரு சங்கதி. என் தங்கச்சி கல்யாணத்துக்கு வாத்தியார் ஒரு வாழ்த்துப்பா எழுதி வாசிச்சாரு. யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

அறையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"எனக்கு இருக்கு. மாப்பிள்ளைய 'தூண்'னாரு, பொண்ண 'வான்'னாரு, எதுகை கிடைக்காம என் அம்மாவ 'மான்'னாரு. என் அம்மா எவ்வளவு எடைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டு நாள் சிரிச்சோம். இப்ப ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து ஒரு பெரிய மனுஷன் சொல்றாரு, இந்தக் கன்னுக்குட்டிப் பாட்ட நம்ம வாத்தியாரே கட்டிட்டாருன்னு. ஆயிரத்து எறநூறு வரி! நான் சத்தியம் பண்றேன், இவரால பன்னெண்டு வரி கட்ட முடியாது!"

ஹோல்ராய்ட் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். குழு கலைந்தது. ஏமஸின் வேலை தப்பியது. வெளியே வந்து அவர் ஜோபின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

"என்ன இருந்தாலும் அவ்வளவு மோசமாவா இருந்துச்சு அந்த வாழ்த்துப்பா?" என்று கேட்டார்.

"படு மோசம், வாத்தியாரே" என்றார் ஜோப்.

வேலை தப்பினாலும் மனசு தேறவில்லை. நாலு வருஷம் ஏமஸ் எதையும் பதிப்பிக்கவில்லை. லீட்ஸ் நூலகத்துக்குப் போவதையும் நிறுத்தினார். யாரும் அவரை முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லைதான். ஆனால் அவரே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். நான் உண்மையிலேயே அந்த எழுத்துகளைப் பார்த்தேனா? சொற்கள் எல்லாம் எங்கள் ஊர்ச் சொற்களாகவே இருக்கின்றனவே, தெளிவில்லாத இடத்தில் என் வாய்ப் பேச்சை நானே போட்டு நிரப்பிவிட்டேனோ? இந்த எண்ணம்தான் அவரை அரித்தது. ஹெப்ஸியிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது வருஷம் ஒருநாள் கிளம்பி ஸ்கிப்டனுக்குப் போனார். மிஸஸ் டிராண்டர் அங்கே தங்கையோடு இருந்தாள். அவள் கதவைத் திறந்ததும் தொப்பியைக்கூட எடுக்காமல் கேட்டார்: "அந்தப் புஸ்தகம் இருந்துச்சு, இல்லையா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷம் அதுமேல தூசி தட்டினவ நான். இல்லாததுக்கா தட்டுனேன்? உள்ள வாங்க தம்பி, மூஞ்சி இப்படி ஆயிருச்சே, ஹெப்ஸி சோறு போடறாளா இல்லியா?"

ஆட்டுக்கறிச் சாறு இரண்டு கோப்பை குடிக்க வைத்துத்தான் அனுப்பினாள். திரும்பும் வழியில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏமஸ் ஆறுதலில் அழுததாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

அதற்கு அடுத்த வருஷம் ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. கார்ஷாவில் திங்கள் என்றால் துவைக்கிற நாள். சந்து முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டித் துணி காய்கிறது. அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து, கறுப்புக் கோட்டும் பாதிரிமார் கழுத்துப்பட்டையுமாக ஒரு மனிதர் வந்தார். நரைத்த தலை, கையில் தட்டையான தோல் பை. ஹெப்ஸி படுக்கை விரிப்பு ஒன்றைப் பிழிய ஆள் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் டென்பி வீடு இதுதானா அம்மா?"

"இதுதான். பள்ளிக்கூடத்துல இருக்காரு. சாப்பாட்டுக்கு வருவாரு. நீங்க யாரு?"

"என் பேர் பெல்வுட்."

ஹெப்ஸி அசையவில்லை. விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆக்ஸ்ஃபோர்டு பெல்வுட்டா?"

"ஆமாம்."

"நாலு வருஷமா என் வீட்டுக்காரரு சரியாத் தூங்கல. அந்தப் பெல்வுட்டா?"

"ஆமாம் அம்மா. அதே ஆள்தான்."

"சரி. பைய அந்தத் திட்டுல வைங்க. இந்த முனையப் பிடிங்க. அப்படியில்ல, ரெண்டு கையாலயும். முறுக்குங்க. நல்லா முறுக்குங்க ஐயா, மனுஷங்கள முறுக்கத் தெரியுதுல்ல."

பெல்வுட் பிடித்து முறுக்கினார். கோட்டெல்லாம் ஈரம். மூன்று விரிப்புகள் முடிந்தன. அதற்குள் சந்தில் இருந்த எல்லா வாசலிலும் தலைகள் முளைத்துவிட்டன. நாலாவது விரிப்பின்போது ஏமஸ் வந்தார்.

ஹெப்ஸி அவருடைய வலது பக்கம் போய் நின்று சொன்னாள்: "பெல்வுட்டு வந்திருக்காரு. வேலை செய்யறாரு. நல்லாவும் செய்யறாரு."

உள்ளே போய் மேசையை ஹெப்ஸி இரண்டு தடவை துடைத்தாள். பெல்வுட் கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பழுப்பேறிய ஆட்டுத்தோல் ஏடு ஒன்று. ஓரம் வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் பசைக் கறையோடு இருந்தது.

"எங்க கல்லூரி நூலகத்துல பழைய பிரசங்கப் புத்தகம் ஒண்ணு. யார்க்ஷயர்ல கட்டினது. அட்டை பிஞ்சுபோச்சுன்னு தைக்கக் குடுத்தோம். அட்டைக்கு வலுவா உள்ள ஒட்டியிருந்ததுன்னு புத்தகம் கட்டறவர் இத எடுத்துக் குடுத்தார். படிங்க மிஸ்டர் டென்பி. மேல் வரியப் படிங்க."

ஏமஸ் குனிந்தார். எழுத்து தெரிந்த எழுத்து. நாலு வருஷம் சனிக்கிழமை தோறும் பார்த்த கையெழுத்து. அதே சாய்ந்த சுழி, அதே பழுப்பு மை.

"தாடிக்குள்ளே சிரித்தார் அவர்" என்று வாசித்தார்.

ஹெப்ஸி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க புத்தகத்துல நாற்பத்தோராம் பக்கம், அடிக்குறிப்பு" என்றார் பெல்வுட். "அந்த மூணு வார்த்தைய நான் நல்லா ஞாபகம் வெச்சிருந்தேன். ஏன்னா அத வெச்சுத்தான் உங்களக் கேலி பண்ண நெனச்சேன். அர்த்தமில்லாத வார்த்தையப் போட்டு நிஜம்போலக் காட்டறார்னு எழுதி, அப்புறம் அடிச்சுட்டேன். இப்ப பாருங்க. முன்பக்கம் முப்பத்திரண்டு வரி, பின்பக்கம் முப்பத்திரண்டு வரி. நீங்க எண்ணின எண்ணிக்கை. கடைசி வரி உங்க அடுத்த பக்கத்தோட முதல் வரியில போய்ச் சேருது. உலகத்துல எந்தப் பொய்க்காரனாலயும் இத முன்கூட்டிச் செஞ்சிருக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு. ரயில் ஏறறதுக்கு முன்னாடியே பத்திரிகைக்கு எழுதித் தபால்ல போட்டுட்டேன். வழியில எனக்கு மனசு மாறிடக் கூடாதேன்னு."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஏமஸ் அதைக் கவனிக்கவே இல்லை. கேட்காத காது அந்தப் பக்கம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. தோள் குலுங்கியது. கடைசியில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்.

"ஹெப்ஸி, பன்னி வளர்க்கிற புனிதர் இவரு! அந்தோணியாரு! 'கன்னுக்குட்டியப் பத்தி எனக்கென்ன தெரியும், என் பன்னியே மூணு நாளாக் காணோம், நீ வழியில பார்த்தியா'ன்னு அவகிட்டயே கேக்கறாரு!"

ஹெப்ஸியும் சிரித்தாள், அழுதுகொண்டே. பெல்வுட்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "மிஸ்டர் டென்பி, நான் சொன்னது கேட்டுச்சா?" என்றார்.

ஏமஸ் நிமிர்ந்தார். முகம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. "ஐயா, இத உங்க அலமாரியில போட்டுப் பூட்டியிருந்தா யாருக்குத் தெரியப்போவுது? ஒருத்தருக்கும் தெரியாது. எடுத்துக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. தொலைஞ்சுபோன அறுபத்துநாலு வரியக் கொண்டாந்து என் சாப்பாட்டு மேசையில வெச்சிருக்கீங்க. இதுக்கு மேல நீங்க எனக்கு என்ன செய்யணும்?"

"நாலு வருஷத்துத் தூக்கம்" என்றாள் ஹெப்ஸி. ஆனால் சொல்லிவிட்டு அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கையும் ஆட்டுக்கறியையும் மூன்று தட்டில் போட்டாள். பெரிய துண்டு விருந்தாளியின் தட்டில் விழுந்தது. அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் அரைமணி தாமதமாகத் தொடங்கியது. கார்ஷா வரலாற்றில் அது முதல் தடவை.

பெல்வுட்டின் கடிதம் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே வந்தது. ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. 'ஒரு நேர்மையான மனிதரின் நற்பெயருக்கு நான் தீங்கு செய்தேன். அவர் பிரதி செய்ததில் ஓர் எழுத்தும் பிசகவில்லை' என்று தன் பெயர் போட்டு எழுதியிருந்தார். ஹோல்ராய்ட் அதை வெட்டிச் சட்டம் போட்டு மில் ஆபீசில் மாட்டினார். கழகம் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்தது.

புதுப் பதிப்பு வந்த பிறகு, தொழிலாளர் படிப்பகத்து மண்டபத்தில் பாட்டை ஊருக்கு வாசித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. பெல்வுட்டையும் அழைத்தார்கள், வந்தார். முதலில் அவர்தான் வாசித்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் எப்படி உச்சரித்திருப்பார்கள் என்று ஆராய்ந்து வைத்திருந்தபடி, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மண்டபம் சேப்பலில் நீண்ட ஜெபத்துக்கு உட்காருவதுபோல் மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் ஜோப் சட்கிளிஃப் நெளிந்தார். "ஐயா, தப்பா நெனக்காதீங்க. நான் ஒரு பக்கம் படிக்கட்டுமா?"

வாங்கிப் படித்தார், மில் வாசலில் பேசுகிறமாதிரி. மூன்றாவது வரியில் ஒரு சிரிப்பு, ஆறாவது வரியில் பத்துப் பேர். பல்வலிப் புனிதர் வந்தபோது மண்டபமே ஆடியது. முட்டைக்கோஸ் வந்தபோது கிழவி ஒருத்தி "என் வீட்லயும் இதே கதைதான்!" என்று கத்தினாள். பெல்வுட் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பென்சிலால் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் ஏமஸ் பக்கம் சாய்ந்து, "செத்துப்போச்சுன்னு நான் அரும்பதவுரையில போட்ட சொல் இதுவரைக்கும் பதினேழு வந்தாச்சு" என்றார். கேட்கிற காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் பாதி நன்றிதான். சூடான அறை கொடுத்த எலிசபெத் டிராண்டருக்கு. தன் கவித்துவத்தைப் பற்றிச் சபையில் உண்மை பேசிய ஜோப் சட்கிளிஃப்புக்கு. தீயணைக்க வாளி தூக்கிய ஊருக்கு. எல்லோருக்கும் மேலாக, தனக்கு எதிராக எழுதி, பிறகு தனக்காக எழுதிய ரெவரெண்ட் பெல்வுட்டுக்கு. அந்த வரியை எடுத்துவிடும்படி பெல்வுட் இரண்டு கடிதம் எழுதினார். ஏமஸ் எடுக்கவில்லை. பதிலுக்கு பெல்வுட் ஒன்று செய்தார். கழகத்தாரிடம் பேசி முகப்பில் இன்னொரு பெயரையும் அச்சிட வைத்தார். 'ஏமஸ் டென்பி, ஹெப்ஸிபா டென்பி இருவரும் பதிப்பித்தது.'

"என் பேரு எதுக்கு அதுல?" என்று ஹெப்ஸி கோபித்துக்கொண்டாள். "சேப்பல்ல என்ன பேசுவாங்க?" ஆனால் அடுத்த ஞாயிறு அந்தப் புத்தகத்தைப் பிரார்த்தனைப் புத்தகத்தோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் போனாள், முகப்பு வெளியே தெரியும்படி.

அதற்குப் பிறகு இருவருமாக ஆறு பழம்பாடல்களைப் பதிப்பித்தார்கள். கன்றுக்குட்டியைப்போல் எதுவும் அமையவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் பிழை குறைவு. அறுபத்தெட்டு வயதில், ஒரு செப்டம்பர் காலையில், பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த ஏமஸ் மறுபடி எழவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கிழட்டு பெல்வுட் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஹெப்ஸிக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக நின்றார். மழை தூறியது. ஜெபம் முடிந்ததும் ஹெப்ஸி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். "ஜோப் வீட்ல இருந்து இஞ்சிக் கேக் குடுத்தனுப்பியிருக்காங்க. ஏழாவது புஸ்தகத்தோட அச்சுப் படியும் நேத்துத்தான் வந்துச்சு. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. மூலத்த நீங்க வாசிங்க, அச்ச நான் மெதுவாப் பாக்கறேன்."

பெல்வுட் கார்ஷாவில் பத்து நாள் தங்கினார். ஏழாவது புத்தகம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளிவந்தது.